மின் கட்டணத்தை வைத்து வாட்டர் ஹீட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும்ங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் வீடு, தினம் காலையில் 1 மணி நேரம் ஹீட்டர் போடுகிறோம், 60 நாளுக்கு அதற்கு மட்டும் 720 ரூபாய், யூனிட் 6 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். 720-ஐ 6-ஆல் வகுத்தால் 120 யூனிட். ஓடியது 60 மணி நேரம். மணிக்கு 2 யூனிட், அதாவது 2000 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர்.

ஆனால் இந்த எண்ணை நம்பி ஒயர் வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிடும். ஸ்விட்ச் 1 மணி நேரம் போட்டிருந்தாலும் காயில் 40 நிமிடம்தான் ஓடியிருக்கலாம். அப்படியானால் அந்த 2 யூனிட்டும் 40 நிமிடத்தில் போயிருக்கிறது: 3000 வாட், 13 ஆம்பியர். ஒயரும் பிளக்கும் தாங்க வேண்டியது இந்த 13-ஐத்தான். 6 ஆம்பியர் பிளக்கில் தயவுசெய்து ஹீட்டரை மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். எர்த்தும் சரியாக இருக்கட்டும், குளியலறை சமாச்சாரம்.

யூனிட் விலையிலும் கவனம். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து 6 ரூபாய் எடுத்திருந்தால் அது தப்பு. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது.

ரூபாயை விட்டுவிட்டு மீட்டரையே பாருங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போடுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், 2000 வாட்டுக்குச் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு சுமார் 107 முறை மின்னும். 160 வந்தால் 3000 வாட். செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணலாம்.

அப்புறம், கிரைண்டருக்கும் இதே வழியா என்று கேட்டிருந்தீர்கள். மோட்டார் உள்ள சாமானுக்கு இது குறைத்தே காட்டும். 150 வாட் கிரைண்டர் கணக்குப்படி 0.65 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.7 என்றால் உண்மையில் 0.93 ஆம்பியர் இழுக்கும். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் என்பதால் ரூபாய்க் கணக்கே கிடையாது. லோ வோல்டேஜில் ஹீட்டர் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் இறைக்கிற மோட்டாரோ கூடுதலாக இழுத்துக் காயிலைக் கருக்கிக்கொள்ளும். அந்த மோட்டாருக்கு டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்று பேஸையும் தனித்தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.