நீலமா வாங்குன கென்யி மீன் மஞ்சளாயிட்டு வருது, மருந்து ஊத்தலாமா?

ஒரு வாசகர் கேட்டிருக்காரு. எட்டு மாசம் முன்னாடி ஆறு கென்யி சிக்லிட் குட்டி வாங்கினாராம், ஆறுமே நல்ல நீலம், குறுக்கால கருப்புப் பட்டை. இப்ப அதுல பெருசா வளர்ந்த ஒண்ணு மட்டும் நீலம் மங்கி அழுக்கு மஞ்சளாயிட்டு வருது. கடைக்காரர்கிட்ட போட்டோ காட்டினதுக்கு "காமாலை சார், அஞ்சு நாள் இத ஊத்துங்க"ன்னு லேபிளே இல்லாத ஒரு பாட்டிலக் கொடுத்திருக்காரு. ஊத்தலாமான்னு கேக்கறாரு.

ஊத்தவே ஊத்தாதீங்க. உங்க மீனுக்கு நோய் இல்ல, அது ஆண், வயசுக்கு வருது, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவோட மலாவி ஏரியில இருந்து வந்த இந்த இனத்துல குட்டியும் பொண்ணும் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். நடுவுல கொஞ்ச நாள் நீலமும் இல்லாம மஞ்சளும் இல்லாம பாக்கவே பாவமா இருக்கும், எல்லாரும் பயப்படறது அந்தக் கட்டத்துலதான். நல்லா கவனிச்சுப் பாருங்க, ஒரு கல்லுக்கு அடியில மணல வாயால அள்ளி அள்ளித் துப்பிக் குழி பறிக்கும், பக்கத்துல வர்றதையெல்லாம் துரத்தும். நோய் வந்த மீன் இதெல்லாம் செய்யாது, துடுப்ப ஒடுக்கிட்டு மூலையில நிக்கும், சாப்பிடாது, மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்கும். அப்படி இருந்தாலும் முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, அமோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமா ஜீரோவா இருக்கணும். என்னன்னே தெரியாத மருந்த ஊத்தினா ஃபில்டர்ல அமோனியாவ மாத்தற நல்ல பாக்டீரியா செத்துப்போய் அமோனியா ஏறி, நல்லா இருந்த ஆறு மீனும் போயிடலாம்.

ஒரு விஷயம் மட்டும் குழப்பும், அதக் கொஞ்சம் நிதானமா படிங்க. நீலமாவே இருக்கற மிச்ச அஞ்சும் பொண்ணுன்னு நினைச்சுடாதீங்க. டேங்க்ல ஒரு ஆண் ராஜாவாயிட்டா அடங்கிப்போன இன்னொரு ஆண் பொண்ணு மாதிரியே நீலத்துலயே இருந்துரும், உதை வாங்காம தப்பிக்கத்தான் அந்த வேஷம். ராஜாவ வேற டேங்குக்கு மாத்தினா சில வாரத்துல இது மஞ்சளாக ஆரம்பிக்கும். அதே மாதிரி மஞ்சளா இருந்த ஆண, அதவிடப் பெரிய முரட்டு மீன் இருக்கற டேங்க்ல விட்டா கலர் மங்கிப் பட்டை திரும்பத் தெரிய ஆரம்பிக்கும். அதனால ஆணா பொண்ணான்னு கலர மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பக் கோபம் வர்ற விஷயம். அதே ஏரியில இருந்து வந்த இன்னொரு வகையான பீகாக் சிக்லிட் குட்டி இயற்கையில சாம்பல் கலர்தான், ஆண் மூணு இஞ்ச் பக்கம் வளரும்போதுதான் கலர் பிடிக்கும். ஆனா ஒரு இஞ்ச் குட்டியே பளபளன்னு நீலமும் சிவப்புமா விக்கறாங்க. அது ஆண் ஹார்மோன் கொடுத்து ஏத்தின கலர், பொண்ணுக்குக்கூட ஏறிடும். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல மங்கிடும், மீன் குட்டி போடாமப் போகவும் வாய்ப்பு உண்டு. கேட்டா உங்க தண்ணி சரியில்லைன்னு சொல்லி அதுக்கும் ஒரு பாட்டில் விப்பாங்க. "நீலம் ஏத்தற கலர் ஃபுட்"டும் அதே கதைதான். சாப்பாடு சிவப்பையும் மஞ்சளையும் கொஞ்சம் தூக்கும், நீலம் தோல்ல இருக்கற செல்லுல வெளிச்சம் பட்டுத் தெறிக்கறதால வர்றது, தீனியில ஏறாது. கடையில டேங்குக்கு மேல "ஆப்பிரிக்கன் மிக்ஸ்"னு ஒட்டிட்டா போதும், எந்த இனம், வளர்ந்தா என்ன கலர், எவ்வளவு முரடுன்னு எழுத வேண்டியதில்ல, யாரும் கேக்கறதும் இல்ல. கென்யி வளர்ந்தா மஞ்சளாகும்னு ஒரு வரி எழுதியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நீங்க இப்ப பாக்க வேண்டியது கலர இல்ல, சண்டையத்தான். ஒரு ஆணுக்கு நாலஞ்சு பொண்ணாவது இருக்கணும், கல்லு நிறைய அடுக்கி ஒளிய இடம் கொடுங்க. இன்னொண்ணும் மஞ்சளாக ஆரம்பிச்சா காத்திருக்காம ஒண்ணப் பிரிச்சு வேற டேங்க்ல விட்டுடுங்க, சின்ன டேங்க்ல ரெண்டு ஆண் இருந்தா ஒண்ணு செத்துதான் போகும்.