சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 34. திருச்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பகலில் கணக்கர் வேலை, இரவில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என்று எட்டு ஆண்டுகள் போய்விட்டன. அப்பா குடியால் கல்லீரல் கெட்டு நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார்.

குடி ஒரு வீட்டை என்ன செய்கிறது என்று முதலில் நேரடியாக ஒரு கட்டுரை எழுதினேன். படித்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிறகு அதையே வேடிக்கையாக எழுதினேன். அப்பா இரவில் வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம்தான் எங்களுக்கு அளவுகோல். முதல் உதையிலேயே நின்றுவிட்டால் அம்மா தட்டை எடுத்து வைப்பாள். மூன்றாவது உதைக்கும் நிற்கவில்லை என்றால் நானும் தங்கையும் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் சைக்கிளோடு பூசணிக் கொடியில் விழுந்தார். ஓடிவந்த அம்மா முதலில் சைக்கிளைத்தான் தூக்கினாள். அதற்கு இன்னும் மூன்று தவணை பாக்கி.

கட்டுரைக்குக் கடிதங்கள் குவிந்தன. நூலகத்தில் ஒரு கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள். அம்மாவையும் அழைத்துப் போனேன். அப்பா விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் வைக்கும் இடத்தில் கைத்தட்டல் அடங்கவே இல்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பெண்மணி அம்மாவிடம் வந்து, “உங்கள் வீட்டுக்காரர் தமாஷான மனிதர்போல” என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. இறங்கும்போது, “அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும்தானே?” என்றாள்.

தெரியும். அன்று அப்பா தள்ளிவிட்டதில் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. அதை நான் எழுதவில்லை. மருத்துவமனையில் கேட்டபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது.

இப்போது பத்திரிகையில் இதையே 12 வாரத் தொடராகக் கேட்கிறார்கள். எழுதினால் அம்மாவைக் காயப்படுத்துவேனோ என்று பயமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்த விஷயம் யார் காதுக்கும் போகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் காரியத்தன்றுகூட வந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றுவரை அழவில்லை. என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கோளாறு இல்லை. குடிநோயாளி இருக்கும் வீட்டில் பிள்ளைகள் ஆளுக்கொரு வேலையைத் தங்களை அறியாமலே எடுத்துக்கொள்கிறார்கள். ஷாரன் வெக்‌ஷைடர் என்ற அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் 1981இல் எழுதிய நூலில் இதை விரிவாகச் சொன்னார். ஒரு பிள்ளை பொறுப்பானவனாகிக் குடும்பத்தின் மானத்தைக் காக்கும். ஒன்று முரடாகும். ஒன்று இருக்கும் இடம் தெரியாமல் ஒதுங்கும். இன்னொன்று வீட்டில் புயல் கிளம்பும்போதெல்லாம் எதையாவது செய்து எல்லோரையும் சிரிக்க வைக்கும். இவை ஆளை அடைத்துவைக்கும் கூண்டுகள் அல்ல, ஆலோசனை அறையில் திரும்பத் திரும்பக் கண்ட சாயல்கள். அந்த நான்காவது பிள்ளையை உங்கள் கடிதத்தில் பார்க்கிறேன். மூன்றாவது உதைச் சத்தம் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொண்ட சிறுவனுக்குச் சிரிப்பு ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. காரியத்தன்றும் அதையே போர்த்திக்கொண்டீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்தப் போர்வையை அம்மாவின் முகத்தின்மேலும் இழுத்துவிட்டீர்கள். அவர் வருந்துவது நீங்கள் எழுதியதற்காக அல்ல என்றே நினைக்கிறேன். சபை சிரித்து முடித்தபோது அந்த இரவே நடக்காததுபோல் ஆகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான். நீங்களும் மேடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நகைச்சுவையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தனார் சரித்திரத்தின் அமைப்பில், கோயிலுக்குப் பதில் படிப்புக்கு ஏங்கும் தாழ்த்தப்பட்ட சிறுவனின் கதை அது. நெடுக வேடிக்கை உண்டு. ஆனால் ஒரு சிரிப்புகூடக் கிந்தன் தலையில் விழுவதில்லை. இந்த அளவுகோலை உங்கள் கட்டுரையில் வைத்துப் பாருங்கள். விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் வைக்கும் குடிகாரனை நாம் எத்தனையோ படங்களில் பார்த்துச் சிரித்தாயிற்று. அது உங்கள் அப்பாவே அல்ல. அதை எடுத்துவிடுங்கள். தவணை பாக்கிக்காகச் சைக்கிளை முதலில் தூக்கிய அம்மா வேறு. அதைப் படித்து எனக்கும் சிரிப்பு வந்தது, உடனே தொண்டையும் அடைத்தது. ஒரு குடும்பத்தின் மொத்த வரவுசெலவும் அந்த ஒரு செய்கையில் இருக்கிறது.

இன்னும் நல்ல வரி ஒன்று உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் கிடக்கிறது. இல்லாத கிணற்றடியில் வழுக்கி விழுந்தார் என்று ஒரு மருத்துவமனை நம்பியிருக்கிறது, அல்லது நம்பியதுபோல் இருந்திருக்கிறது. இந்தச் சிரிப்பு அம்மாவைத் தொடாது. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காதவர்களைத்தான் தொடும். மதுக்கடையை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில்தான். தவணை தவறினால் சைக்கிளைத் தூக்கிப்போக ஆள் வரும். அதே வீட்டின் கூலிப் பணம் கஜானாவுக்குப் போவதைக் கேட்க ஆள் வராது. உங்கள் எழுத்து போக வேண்டிய திசை அது.

தொடருக்கு இப்போதே ஒப்புக்கொள்ளாதீர்கள், இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள். அதற்குள், மணிக்கட்டு முறிந்த இரவை வேடிக்கை ஒன்றும் சேர்க்காமல் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பத்திரிகைக்காக அல்ல, உங்களுக்காக. கை நடுங்கினால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். தங்கையிடமும் பேசுங்கள், அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. குடித்தவர் இறந்துபோயிருந்தாலும் அங்கே போகலாம். தூக்கம் கெட்டாலோ மனம் தாங்காவிட்டாலோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இனி எழுதுவதை அச்சுக்கு அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். கிணற்றடிப் பொய் இருபது ஆண்டுகளோ என்னவோ அவர் காத்துவந்த பொய். அதைத் திறக்கும் உரிமை அவருடையது. வேண்டாம் என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி.

அந்த மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மாவு பிசையும்போது வலிக்கிறதா என்று இன்றைக்கு அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்