ஆமைத் தொட்டியும் ஃபில்டரும்: கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடியில் ஒரு சிவப்புக் காது ஆமையை 11 வருஷமாக வளர்த்து வருகிறேன். தொட்டி வைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் சுற்றுவட்டாரத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோட்டையூரிலிருந்து: அண்ணே, பையனுக்கு ஒரு குட்டி ஆமை வாங்கிக் கொடுத்தோம். பத்து ரூபாய்க் காசை விடக் கொஞ்சம்தான் பெரிசு. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கிண்ணமே போதுமா?

போதாது தம்பி. ஒரு நாள்கூட அதில் வைக்க வேண்டாம். அந்தக் குட்டி ஆணாக இருந்தால் 20 சென்டிமீட்டர் வரை வளரும். பெண்ணாக இருந்தால் 25, 30 வரை போகும், அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷம் உயிரோடு இருக்கும். உங்கள் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அது வீட்டில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டின் நீளத்தில் ஒரு அங்குலத்துக்கு 38 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 5 அங்குல ஆமைக்கு 190 லிட்டர் வரும். தொட்டியை வருஷா வருஷம் மாற்றுவதை விட, 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை முதலிலேயே செய்துவிடுங்கள். முக்கால்வாசி நிரப்பினால் 340 லிட்டர் நிற்கும். குட்டியாக இருக்கும்வரை தண்ணீரைக் குறைத்து வைக்கலாம். ஆனால் ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது இருக்கட்டும். தலைகீழாகக் கவிழ்ந்தால் திரும்புவதற்கு அந்த ஆழம் வேண்டும். பக்கத்திலேயே ஏறி உட்கார ஒரு மேடும் கட்டாயம்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: ஃபில்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் இரண்டே நாளில் நாற்றம். வாரா வாரம் ஃபில்டரைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவுகிறோம். அப்புறமும் ஏன் இப்படி?

ஆச்சி, நாற்றம் வருவதே அந்தப் பளிச்சென்ற கழுவலால்தான். நானும் முதல் வருஷம் இதையே செய்தேன். ஆமைக்குக் கண் சிவந்து, தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்று மேட்டிலேயே கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஃபில்டர் என்பது குப்பையை வடிகட்டும் சல்லடை மட்டும் இல்லை. ஆமையின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும்போதும் அமோனியா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒரு வகை பாக்டீரியா குடியேறி அந்த அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அது குறைந்துவிடும். வளையத்தைத் தொட்டால் வழுவழுவென்று பழுப்பாக ஒன்று விரலில் ஒட்டுமே, அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறோமே, அந்த பாக்டீரியாக்கள் வாழ்வது அதில்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். நீங்கள் வாரா வாரம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அவை மறுபடி நிலைப்பதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும்.

இப்படிச் செய்யுங்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை நாலு முறை பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். வளையங்களை அன்றைக்குத் தொடவே வேண்டாம். அழுக்குத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள், செடி செழிக்கும். புதிதாக விடும் தண்ணீரை முந்தின நாளே அகலமான அண்டாவில் பிடித்துத் திறந்து வையுங்கள்.

அப்புறம், ஃபில்டரின் அளவு. மீனை விட ஆமை பல மடங்கு கழிவு போடும். பெட்டியில் "200 லிட்டர் தொட்டிக்கு" என்று போட்டிருந்தால் அது மீன் தொட்டிக் கணக்கு. உங்கள் தண்ணீரைப் போல இரண்டு, மூன்று மடங்குக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர்தான் என் தேர்வு. விலை அதிகம், ஆனால் சின்ன ஃபில்டர் மூன்று வாங்கித் தூக்கிப் போடுவதற்கு இது மேல்.

புதுவயலிலிருந்து: கரண்ட் போனால் ஃபில்டர் என்ன ஆகும்?

ஒரு மணி நேரம் என்றால் கவலை இல்லை. கேனிஸ்டர் மூடிய டப்பா. தண்ணீர் ஓடாவிட்டால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். நாள் முழுக்க நின்றுபோன கேனிஸ்டரை ஒருமுறை திறந்தேன், அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் ஓட விடக் கூடாது. டப்பாவில் இருப்பதைக் கொட்டி, உள்ளே இருப்பதைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு போடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபில்டரை அதில் சேர்த்துவிடுங்கள். 20, 30 வாட்தான் இழுக்கும்.

கானாடுகாத்தானிலிருந்து: பழைய வீடு. மாடி அறையில் வைக்கலாமா? கீழே என்றால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.

மாடி வேண்டாம். 340 லிட்டர் தண்ணீரே 340 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்ட், கற்கள் எல்லாம் சேர்த்தால் இன்னும் ஏறும். மரத்தூலம் போட்ட நூறு வருஷத்து மச்சின் மேல் அந்தப் பாரத்தை ஒரே இடத்தில் நிரந்தரமாக வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கீழே வையுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை, கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்த சிமெண்ட் கல். ஸ்டாண்டின் இரும்புக் கால் ஒரே புள்ளியில் அழுத்தினால் விரிசல் விடும், ஈரம் தங்கினால் கறை பிடிக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை ஒன்று, தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் தெர்மாகோல் ஷீட் ஒன்று. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தண்ணீர் விடாதீர்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கில் ஏறாது.

ஆத்தங்குடியிலிருந்து: வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், நல்ல வெயில் விழுகிறது. தனியாக விளக்கு எதற்கு?

நல்ல கேள்வி. ஆமைக்கு வேண்டியது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், அதிலும் யு.வி.பி. அது இல்லாவிட்டால் வைட்டமின் டி உண்டாகாது, கால்சியம் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் ஜன்னலோரம் வைத்தாலும் பயன் இல்லை. தொட்டியை வெயிலிலேயே வைத்தால் தண்ணீர் கொதித்துப் போகும். தொட்டிக்கு யு.வி.பி. விளக்கு ஒன்று, மேட்டை 32 முதல் 35 டிகிரிக்குச் சூடாக்க ஒரு பல்பு. யு.வி.பி. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் 6 மாதம், ஒரு வருஷத்தில் அதன் கதிர் குறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

வளவு வெயிலையும் விடாதீர்கள். காலையில் அரை மணி நேரம், அகலமான டப்பில் கொஞ்சம் தண்ணீர், பாதிக்கு நிழல், மேலே கம்பி வலை. காக்கையும் பூனையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். என் ஆமை வெயில் பட்டதும் பின்னங்கால் இரண்டையும் நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்து, கழுத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொள்ளும். எத்தனையோ வருஷமாகப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

ஹீட்டர் வேண்டுமா? (மூன்று பேர்)

தண்ணீர் 24 முதல் 28 டிகிரி இருந்தால் சரி. நம் ஊரில் மார்கழி ராத்திரி தவிர அதற்கு வேலை இல்லை. சித்திரை, வைகாசியில் சூடு ஏறுவதுதான் நமக்குக் கவலை. தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

சோறு, இட்லி போடலாமா?

வேண்டாம். ஆமைத் தீனி, முருங்கைக்கீரை, கொஞ்சம் மீன். குட்டிக்குத் தினமும், பெரிய ஆமைக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை.

கைக்குழந்தை இருக்கும் வீடு. பயம் உண்டா?

உண்டு. ஆரோக்கியமான ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதையே அமெரிக்காவில் 1975இல் தடை செய்தார்கள், குழந்தைகள் நோயில் விழுந்ததால். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகள் ஆமையைத் தொட வேண்டாம். மற்றவர்கள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டிச் சாமான்களைச் சமையலறையில் கழுவக் கூடாது.

ஊரணியில் பிடித்த ஆமையை இந்தத் தொட்டியில் விடலாமா?

கூடவே கூடாது. நம் பாலாமை, நட்சத்திர ஆமை இரண்டுமே 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. வீட்டில் வைப்பது குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: பையன் வெளியூருக்குப் படிக்கப் போகிறான். எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஊரணியிலோ கோயில் குளத்திலோ விட்டால் புண்ணியம்தானே அண்ணே?

உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் விடாதீர்கள். சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. நம் ஆமைகள் தின்பதைத் தின்றுவிடும், அவை வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வெளிநாட்டு நோயையும் கொண்டுபோகும். மழைநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வரத்துக்கால் வெட்டி, ஊரணியைக் கண்போல் காத்த ஊர்கள் இவை. தொட்டி, ஃபில்டர், விளக்கு எல்லாவற்றோடும் சேர்த்து, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், ஆள் கிடைக்கும்வரை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன். வரும்போது அந்த ஃபில்டரைக் கழுவாமல், தொட்டித் தண்ணீரோடு அப்படியே எடுத்து வாருங்கள்.