அடுத்த ராணுவப் பிஸ்டல் எது? துப்பாக்கியை விட்டுவிட்டு டெண்டரைப் பாருங்கள்

கேள்வி: பாதுகாப்புத் துறைச் செய்திகளைத் தமிழில் வீடியோவாகப் போட்டு வருகிறேன். அமெரிக்க ராணுவம் தன் பெரெட்டா பிஸ்டலை மாற்றப்போகிறது என்றதும் "கிளாக்தான்" என்று அடித்துச் சொன்னேன். வந்தது சிக் சாவர். கனடாவுக்கும் கிளாக் என்றேன், மறுபடியும் சிக். இத்தனைக்கும் எடை, நீளம், மேகசினில் எத்தனை தோட்டா, எத்தனை ஆயிரம் முறை சுட்டுப் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்பிட்டுத்தான் சொல்கிறேன். இப்போது இந்திய ராணுவத்தின் அடுத்த பிஸ்டல் எது என்று பார்வையாளர்கள் கேட்கிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன் சார்?

பதில்: உங்கள் பட்டியலில் தப்பு இருக்காது. ஆனால் தேர்வுக் குழு அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்வதில்லை. நீங்கள் எது நல்ல துப்பாக்கி என்று பார்க்கிறீர்கள். அவர்கள் பார்ப்பது வேறு: நாங்கள் எழுதிக் கேட்டதை யார் கொடுத்தார்கள், கொடுத்தவர்களில் யார் குறைந்த விலை சொன்னார்கள்?

சோதனையே முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் கோல்ட், சாவேஜ் என்ற இரண்டு பிஸ்டல்களையும் ஆளுக்கு 6,000 தோட்டா சுட வைத்தது. பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் ஒருமுறைகூடத் தடங்கவில்லை. சாவேஜ் 37 முறை திணறியது. அந்த மாதமே முடிவு. இன்று அப்படி நடக்காது. கடைசிச் சுற்றுக்கு வரும் எந்த 9 மி.மீ. பிஸ்டலும் ஓரளவு நன்றாகத்தான் சுடும். நாலைந்து பேரும் பாஸ் என்றால், மார்க்கில் யார் முதல் என்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நீங்கள் தோற்ற அமெரிக்கப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். 2015 ஆகஸ்டில் வந்த டெண்டர் ஆவணம் 350 பக்கத்துக்கும் மேல். ஒரு கைத்துப்பாக்கிக்கு இவ்வளவா என்று செனட்டர் ஜான் மெக்கெய்ன் கேலி செய்தார். சோதனைக்கு மட்டும் 1.7 கோடி டாலர் என்றதும் ராணுவத் தலைமைத் தளபதி மார்க் மில்லியே 2016இல் கடுப்பாகி, அந்தப் பணத்தை என் கையில் கொடுத்தால் இன்று ராத்திரியே கடையில் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன், மொத்தமாக வாங்குவதால் தள்ளுபடியும் கிடைக்கும் என்றார். அன்று எல்லோரும் இந்தக் கேலியைத்தான் பகிர்ந்தார்கள். அந்த 350 பக்கத்தைப் புரட்டியவர்கள் குறைவு. விடை அதற்குள்தான் இருந்தது.

என்ன கேட்டிருந்தார்கள்? கைக்குத் தகுந்தபடி பிடியின் அளவை மாற்ற முடிய வேண்டும். வெளியே விரலால் தட்டும் சேஃப்டி வேண்டும். துப்பாக்கியோடு சேர்த்துத் தோட்டாவையும் நீங்களே தர வேண்டும். சிக்கின் பி320இல் ட்ரிக்கர் பாகங்கள் எல்லாம் தனி உலோகச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வெளிப்பிடி வெறும் பிளாஸ்டிக் கூடு, கழற்றி வேறு அளவில் மாட்டலாம். அதாவது டெண்டர் கேட்ட குணம் அந்தத் துப்பாக்கிக்குப் பிறவியிலேயே இருந்தது. கிளாக்கின் வழக்கமான பிஸ்டலில் விரலால் தட்டும் சேஃப்டியே கிடையாது; இந்தப் போட்டிக்காகத் தனியாகச் சேர்த்தார்கள். ஆவணத்தைப் படித்த அன்றே உங்கள் மனசில் சிக்குக்கு ஒரு புள்ளி கூடியிருக்க வேண்டும்.

அப்புறம் விலை. 2017 ஜனவரி 19 அன்று சிக் வென்றது. கிளாக் முறையிட்டது. அதனால் ஒரு நன்மை: விவரம் வெளியே வந்தது. அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் அந்த ஜூன் மாதம் கொடுத்த தீர்ப்பின்படி, மதிப்பீட்டில் சிக்கின் விலை 16.95 கோடி டாலர். கிளாக்கின் விலை 27.22 கோடி. பத்துக் கோடி டாலருக்கு மேல் வித்தியாசம்! எங்கள் துப்பாக்கியை முழுசாகச் சோதித்து முடிக்கவே இல்லை என்பது கிளாக்கின் ஒரு புகார். அப்படி முடித்தே தீர வேண்டும் என்று டெண்டரில் எழுதவில்லையே என்பது பதில். முறையீடு தள்ளுபடி.

வென்றதாலேயே சிக்கை ஒரு குறையும் இல்லாத துப்பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். கீழே போட்டால் தானாக வெடிக்கும் சிக்கல் சோதனையில் தெரிந்து, ட்ரிக்கர் பாகங்களை மாற்றினார்கள். சாதாரண ராணுவத் தோட்டாவில் தடங்கல் அதிகம் என்று பென்டகனின் சோதனைப் பிரிவே பிறகு அறிக்கை எழுதியது. உங்கள் ஒப்பீட்டுப் பட்டியல் சரி, கணிப்புதான் தப்பு என்று ஆரம்பத்தில் நான் சொன்னது இதனால்தான்.

இது 2017இல் புதிதாக முளைத்த பழக்கமும் இல்லை. 1984இல், 1911இல் வென்ற அந்தக் கோல்ட் .45க்கு (.45 அங்குலத் தோட்டா) மாற்றாக 9 மி.மீ. தேடியபோது பெரெட்டாவும் சிக் பி226உம் சோதனையில் தேறின. துப்பாக்கி விலையை மட்டும் பார்த்தால் சிக் கொஞ்சம் குறைவு. மேகசின், உதிரி பாகம் எல்லாம் சேர்த்துக் கூட்டியதும் பெரெட்டா கீழே வந்துவிட்டது. 1985 ஜனவரியில் எம்9 என்ற பெயரில் பெரெட்டா ராணுவத்துக்குள் வந்தது அப்படித்தான். அதே போட்டியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியேற்றப்பட்ட ஒரு காரணம், ஃபயரிங் பின்னின் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி) ஆற்றல் போதவில்லை என்பது. பிறகு தணிக்கையில் பார்த்தால், மெட்ரிக் அளவை அமெரிக்க அளவுக்கு மாற்றியபோது தசமத்தை முழு எண்ணாக்கியதில் வந்த பிழை! இதை எந்தப் பட்டியல் போட்டுக் கணிப்பீர்கள்?

கனடா விஷயத்திலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து இங்கிலிஸ் ஹை-பவர் பிஸ்டலை மாற்ற முதலில் போட்ட டெண்டரில், கழற்றி மாற்றக்கூடிய சட்டம் (ஃபிரேம்) வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இது ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிறது என்று போட்டியாளர் ஒருவர் வணிகத் தீர்ப்பாயத்துக்குப் போனார். டெண்டர் ரத்தாகி மறுபடி போட்டார்கள். 2022இல் முடிவு வந்தது: சிக் பி320. முதல் டெண்டர் ஆவணத்தைப் படித்தவருக்கு, வாங்குபவரின் மனசு எங்கே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்திருக்கும். நிபந்தனையைத் தளர்த்தினாலும் மனசு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

நானும் சூடு பட்டவன்தான். 2005இல் அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் .45 பிஸ்டல் வேண்டும் என்று அறிவித்தது; எண்ணிக்கை ஆறு லட்சத்துக்கும் மேல் போகலாம் என்றார்கள். ஈராக்கில் 9 மி.மீ. போதவில்லை என்ற பேச்சு வேறு. .45 திரும்பி வருகிறது என்று நண்பர்களிடம் ஒரு வருஷம் பெருமையடித்தேன். ஹெக்லர் அண்ட் காக் நிறுவனம் எச்கே45ஐ இதற்காகவே செய்தது. மற்றவர்களும் ஆளுக்கு ஒன்று செய்தார்கள். 2006இல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நான் எந்தத் துப்பாக்கி என்று யோசித்தேனே தவிர, வாங்குவார்களா என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

அதனால் "எது?" என்பதற்கு முன்னால் "எப்போது?" என்று கேளுங்கள். அமெரிக்கா கோல்ட் .45ஐ 74 வருஷம் வைத்திருந்தது, பெரெட்டாவை 32 வருஷம். டென்மார்க் 1949 மாடலை 2018 வரை ஓட்டிவிட்டுத்தான் பி320க்கு மாறியது. பிஸ்டல் என்பது ராணுவத்தில் கடைசி வரிசைச் சாமான். டாங்கி ஓட்டுநர், விமானி, ராணுவ போலீஸ், அதிகாரிகள் இடுப்பில் கிடப்பது. அதை வைத்து யாரும் போரை ஜெயிப்பதில்லை என்று நிதிப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். "இந்த வருஷம் எதுவும் மாறாது" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாலே உங்கள் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். பார்வையாளர்தான் வரமாட்டார்கள்!

ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்துக்கு வாய்ப்பு அதிகம், உள்நாட்டு நிறுவனத்துக்கு இன்னும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. 2014 டிசம்பரில் பெரெட்டா, எம்9ஐயே மேம்படுத்தி எம்9ஏ3 என்று நீட்டியது. ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது. ஆஸ்திரியாவில் 1980களின் தொடக்கத்தில் ஸ்டெயர் என்ற பெரிய உள்ளூர் நிறுவனமும் போட்டியில் இருந்தது. வென்றவர் அதுவரை ஒரு துப்பாக்கிகூடச் செய்திராத காஸ்டன் கிளாக். திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். ராணுவம் கேட்ட 17 அம்சங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்துக்கு ஏற்ற துப்பாக்கியைச் செய்தார். உங்களுக்குப் பிடித்த கிளாக்கே டெண்டரைப் படித்து வென்ற துப்பாக்கிதான்.

எங்கே தேடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் கெட்ட செய்தியை மறைக்க முடியாது. 2016 செப்டம்பரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், அடுத்த கட்டத்துக்கு நாங்கள் தேர்வாகவில்லை என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவித்தது. ராணுவம் வாயே திறக்காத நேரம் அது. கிளாக், சிக், பெரெட்டா எல்லாம் தனியார் கையில் இருப்பதால் அவர்களிடமிருந்து இப்படி எதுவும் கசியாது. இன்னொன்று, பக்கத்து நாடுகள். பிரிட்டன் 2013இல் ஹை-பவரை விட்டு கிளாக் 17க்கு வந்தது, 25,000க்கும் மேல். பிரான்ஸ் 2020இல் அதே கிளாக்கின் ஐந்தாம் தலைமுறைக்கு வந்தது, 74,596. பக்கத்து வீட்டுக்காரன் சோதித்து வாங்கியதை வாங்கினால் மேலதிகாரியிடம் விளக்கம் சொல்வது சுலபம்.

சரி, இந்தியா. இங்கே வழக்கமான பிஸ்டல் 9 மி.மீ. 1ஏ. பிரவுனிங் ஹை-பவர் குடும்பம், மேற்கு வங்கத்து ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்வது, மேகசினில் 13 தோட்டா. வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம் ராணுவத்தின் சிறு ஆயுதக் கொள்முதல் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுங்கள். 2011இல் ஒரே ரைஃபிளில் குழலை மாற்றி இரண்டு வகைத் தோட்டா சுட வேண்டும் என்று டெண்டர். உலகின் பெரிய பெயர்கள் வந்தும் 2015இல் ரத்து. 93,895 கார்பைன்களுக்கு (குட்டை ரைஃபிள்) ஐக்கிய அரபு அமீரகத்தின் காராக்கல் 2018இல் குறைந்த விலைக்காரராக வந்தும் 2020இல் ரத்து. நடுவில் 2019இல் அவசரக் கொள்முதலாக 72,400 சிக் 716 ரைஃபிள்கள் 694 கோடி ரூபாய்க்கு வந்தன. ஏகே-203க்கு ரஷ்யாவோடு அரசுக்கு அரசு ஒப்பந்தம், அமேதியில் தொழிற்சாலை. அந்தக் கார்பைன் தேவையே பிறகு நாலு லட்சத்துக்கும் மேல் பெருகி, அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ வடிவமைத்ததைச் செய்யும் பாரத் ஃபோர்ஜ் முதலாவதாக வந்தது. மீதிப் பங்கு இஸ்ரேல் வடிவமைப்பைக் குவாலியர் பக்கம் செய்யும் பிஎல்ஆருக்கு.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது. முதல் டெண்டர் ரத்தாக நல்ல வாய்ப்பு உண்டு. வெற்றியாளர் இரண்டு பேராக இருக்கலாம். "எந்த நாட்டுத் துப்பாக்கி?" என்பதைவிட "இந்தியாவில் எந்தத் தொழிற்சாலை?" என்பதுதான் சரியான கேள்வி, ஏனென்றால் 2020 கொள்முதல் விதிகளுக்குப் பிறகு வெளிநாட்டில் செய்து கப்பலில் அனுப்பும் பெயர்களுக்குப் பெரிய எண்ணிக்கையில் இடம் சுருங்கிவிட்டது. என்எஸ்ஜி (தேசியப் பாதுகாப்புப் படை) கிளாக் வைத்திருக்கிறதே என்று உங்கள் பார்வையாளர் கேட்பார். சிறப்புப் படைகள் சில நூறு, சில ஆயிரம் என்று தனியாக வாங்கும். அதை வைத்து மொத்த ராணுவத்தைக் கணிக்காதீர்கள். அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் படையினர் 1980களின் கடைசியிலேயே பெரெட்டாவை விட்டு சிக் பி226க்குப் போனார்கள். மற்ற ராணுவம் அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேல் பெரெட்டாவோடுதான் இருந்தது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாதுகாப்பு அமைச்சகம் முதலில் வெளியிடும் தகவல் கோரிக்கையைத் தேடி எடுங்கள். எடை, நீளம் வரிகளைத் தாண்டி, "கட்டாயம்" என்று எழுதியிருக்கும் இடங்களில் கோடு போடுங்கள்: சேஃப்டி எப்படி, பிடி மாற்ற வேண்டுமா, ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி பார்க்கும் கருவி) பொருத்த ஸ்லைடில் இடம் வேண்டுமா, உள்நாட்டுப் பங்கு எத்தனை சதவீதம். எந்த நிபந்தனை யாரை வெளியேற்றுகிறது என்று ஒவ்வொரு பெயராக அடியுங்கள். கடைசியில் இரண்டு மூன்று பெயர்தான் மிஞ்சும். தொழில்நுட்பத்தில் தேறியவர்களில் எல்-1 (குறைந்த விலை சொன்னவர்) யாரோ அவருக்கே போகும் என்பது நம் ஊர் ரோடு காண்டிராக்ட் பார்த்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆவணம் வரும் முன்பே ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், பெயரைச் சொல்லாமல் வகையைச் சொல்லுங்கள்: 9x19 மி.மீ., பாலிமர் சட்டம், ஹேமர் இல்லாத ஸ்ட்ரைக்கர் வகை, இந்தியாவில் தயாரானது. இதில் பந்தயம் கட்டினால் நானும் உங்கள் பக்கம். வெற்றியாளரை அறிவித்த அன்றே "நான் அப்பவே சொன்னேன்" வீடியோவை மட்டும் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் முறையீடு வந்தால் அதைத் தீர்க்க 100 நாள். இங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் வரை காத்திருங்கள். காராக்கலுக்கு வாழ்த்துச் சொன்னவர்கள் அந்த வீடியோக்களை என்ன செய்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.