வெள்ளைப்பட்டால் குழந்தை தங்காதா?

முக்கூடலிலிருந்து ஒரு பெண் (27): பீடி சுற்றுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். வெள்ளைப்படுகிறது. "சூட்டு உடம்பு, அதான் தங்கலை" என்கிறார் அத்தை. தினமும் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளேயும் கழுவுகிறேன். சரிதானா?

அம்மா, உள்ளே கழுவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிறப்புறுப்புக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. 1892இலேயே டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை விவரித்துவிட்டார். அவை சுரக்கும் லாக்டிக் அமிலம் அந்த இடத்தைப் புளிப்பாக, பிஎச் என்ற புளிப்பு அளவுகோலில் 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருக முடியாது. நீங்கள் கழுவக் கழுவ, காவலுக்கு நிற்பவர்கள்தான் வெளியே போகிறார்கள்.

வெள்ளைப்படுவதெல்லாம் நோயும் அல்ல. மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் கசிவு, கருத்தரிக்கத் தோதான நாட்களின் அடையாளம். மீன் வாடையும் சாம்பல் நிறமும் இருந்தால் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிவிட்ட நிலை. தயிர்த் திப்பி போல, அரிப்போடு வந்தால் பூஞ்சை. இரண்டுக்கும் மருந்து வேறு. கடையில் கேட்டு வாங்காமல் பரிசோதித்துச் சாப்பிடுங்கள்.

கருமுட்டை வரும் குழாயில் அடைப்புள்ள பெண்களிடம் பாக்டீரியல் வஜினோசிஸ் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் அடைப்புக்கு அதுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சூட்டுக்கு இதில் வேலையே இல்லை. அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால் கணவன் மனைவி இருவரும் சோதனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு ஆகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

வள்ளியூர் வாசகி: மாத்திரை முடித்த இரண்டே மாதத்தில் பழைய வாடை. என் சுத்தத்தில்தான் குறையா?

இல்லவே இல்லை. பாக்டீரியல் வஜினோசிஸ் குணமானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்புகிறது. 2025இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், கணவர் அல்லது துணைவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் திரும்பியது 35 சதவீதம் பேருக்குத்தான். பெண்ணுக்கு மட்டும் கொடுத்த குழுவில் 63. அடுத்த முறை உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகி: தயிர் சாப்பிட்டால் போதுமா? ஆற்றில் குளிப்பதால் வருமா?

தயிர் உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தயிரில் உள்ள பாக்டீரியா வேறு வகை. தயிரை உள்ளே தடவவே கூடாது. தாமிரபரணியில் குளிப்பதால் பாக்டீரியல் வஜினோசிஸ் வருவதில்லை. ஈரத்துணியோடு படித்துறையில் வெகுநேரம் இருக்காதீர்கள், பூஞ்சைக்கு ஈரம் பிடிக்கும்.

பாளையங்கோட்டை வாசகி (34): ஐவிஎஃப்புக்கு (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) முன் கருப்பைக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கணக்கெடுக்கும் சோதனை செய்யச் சொல்கிறார்கள். பணம் நிறைய ஆகும்.

2016இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், கருப்பையில் லாக்டோபேசில்லஸ் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த பெண்களுக்குக் கரு நன்றாகப் பதிந்ததாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வு அது. கருப்பைக்குள் பாக்டீரியா மிகக் குறைவு. மாதிரி எடுக்கும் குழாய் பிறப்புறுப்பு வழியாகத்தான் போகிறது, அங்குள்ளவையும் ஒட்டிக்கொண்டு வரும். என் கையில் பணம் இருந்தால் இதற்கு முதலில் செலவழிக்க மாட்டேன். கணவரின் விந்துப் பரிசோதனை, கருமுட்டைக் குழாய் அடைப்புச் சோதனை இரண்டும் முடிந்தனவா? நம் நாட்டில் கருப்பைக் காசநோய் இருமலோ காய்ச்சலோ இல்லாமல் குழாய்களையும் உள்சவ்வையும் கெடுக்கிறது. அதைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.