ஐந்து வீடும் ஒரு வரிக்குதிரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஐன்ஸ்டைன் சிறுவயதில் எழுதியது’ என்று வாட்ஸப்பில் சுற்றும் ஐந்து வீட்டுப் புதிரை, வரிக்குதிரை வருகிற பழைய வடிவத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் வீடு மஞ்சள், அங்கே கூல் சிகரெட், இரண்டாம் வீட்டில் குதிரை என்பது வரை மளமளவென்று வந்தது. அதற்குப் பிறகு நகரவில்லை. சரி என்று ஊகித்து, இரண்டாம் வீட்டில் ஜப்பானியரைக் குடிவைத்தேன். முட்டிக்கொண்டது, அழித்தேன். பிறகு அங்கே உக்ரைன்காரரை வைத்து, தந்த நிற வீட்டை மூன்றாவதாகப் போட்டேன். அதுவும் முட்டியது, அழித்தேன். மூன்றாம் தடவை எல்லாம் பொருந்திவிட்டது. விடை சரிதான், ஆனால் குருட்டாம்போக்கில் வந்ததாகவே தோன்றுகிறது. ஊகிக்காமல் இதைப் போட வழி உண்டா?

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் ரப்பரால் அழித்த இரண்டு முயற்சிகளும்தான் இந்தப் புதிரின் நிரூபணம். அதை எங்கும் எழுதி வைக்காததால் குருட்டாம்போக்கு போலத் தெரிகிறது.

ஐன்ஸ்டைன் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். புதிர் அச்சில் வந்தது ‘லைஃப் இன்டர்நேஷனல்’ இதழில், 1962 டிசம்பர் 17 அன்று. விடை 1963 மார்ச்சில் வெளியானது. அதில் வரும் கூல் சிகரெட் சந்தைக்கு வந்ததே 1933இல். அப்போது ஐன்ஸ்டைன் ஐம்பதைத் தாண்டியவர்.

புதிரைப் பார்க்காதவர்களுக்காகக் குறிப்புகள்: வரிசையாக ஐந்து வீடு, இடமிருந்து எண்ணுகிறோம். நிறம், நாடு, பானம், சிகரெட், பிராணி எல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. ஆங்கிலேயர் வீடு சிவப்பு. ஸ்பானியரிடம் நாய். பச்சை வீட்டில் காப்பி. உக்ரைன்காரர் குடிப்பது தேநீர். தந்த நிற வீட்டுக்கு வலப்புறம் ஒட்டினாற்போல் பச்சை வீடு. ஓல்டு கோல்டு சிகரெட் பிடிப்பவர் நத்தை வளர்க்கிறார். மஞ்சள் வீட்டில் கூல். நடு வீட்டில் பால். முதல் வீட்டில் நார்வேக்காரர். செஸ்டர்ஃபீல்டு பிடிப்பவருக்குப் பக்கத்து வீட்டில் நரி. கூல் பிடிக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் குதிரை. லக்கி ஸ்ட்ரைக் பிடிப்பவர் ஆரஞ்சுச் சாறு குடிக்கிறார். ஜப்பானியர் பிடிப்பது பார்லிமென்ட் சிகரெட். நார்வேக்காரருக்குப் பக்கத்து வீடு நீலம். தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது என்பது கேள்வி. இந்த இரண்டும் எந்தக் குறிப்பிலும் வரவே வராது. மற்றதெல்லாம் கழிந்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் அவை இருக்க முடியும்.

தாளில் ஐந்து பத்தி, ஐந்து வரிசை. பத்திகள் வீடுகள், வரிசைகள் நிறம், நாடு, பானம், சிகரெட், பிராணி. கட்டம் இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் அந்த வரிசையின் ஐந்து பெயருக்கும் முதலெழுத்தை (நத்தைக்கும் நரிக்கும் மட்டும் இரண்டெழுத்து) பென்சிலால் பொடியாக எழுதி, ஆகாததை அடித்துக்கொண்டே வாருங்கள். கட்டத்தில் விடையை மட்டும் எழுதுகிறவர்கள் எல்லோரும் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ஏனென்றால் அதுவரை ‘இது இங்கே’ என்ற குறிப்புகளே போதும். அதற்குமேல் ‘இது இங்கே இல்லை’ என்பதை வைத்துத்தான் நகர முடியும்.

இன்னொரு பழக்கத்தையும் விடுங்கள்: ஒரு குறிப்பைப் பயன்படுத்தியதும் அதைக் கோடு போட்டு அடிப்பது. ‘பச்சை வீட்டில் காப்பி’ என்பது நீல வீட்டில் காப்பி இல்லை, மஞ்சளில் இல்லை என்றும் சொல்கிறது. காப்பி எந்த வீடு என்று தெரியுமுன்பே இந்த ‘இல்லை’ வேலைக்கு வரும்.

இப்போது நீங்கள் நின்ற இடம். முதல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே வீடு, ஆகவே இரண்டாவது நீலம். சிவப்பு ஆங்கிலேயருக்கு, தந்தமும் பச்சையும் ஒட்டி நிற்க வேண்டும், ஆகவே முதல் வீடு மஞ்சள். அங்கே கூல், இரண்டாவதில் குதிரை. நார்வேக்காரர் என்ன குடிக்கிறார்? தேநீர் உக்ரைன்காரருக்கு. காப்பி பச்சை வீட்டில், இவர் வீடு மஞ்சள். பால் நடு வீட்டில். ஆரஞ்சுச் சாறு லக்கி ஸ்ட்ரைக்கோடு போகிறது, இவர் பிடிப்பது கூல். தண்ணீர் மட்டும் மிஞ்சுகிறது. முதல் கேள்வி அங்கேயே தீர்ந்தது, ஊகம் இல்லாமல்.

அடுத்து நீல வீடு. அங்கே ஆங்கிலேயர் இல்லை, அவர் சிவப்பு. ஸ்பானியர் இல்லை, அவரிடம் நாய், இங்கே குதிரை. நார்வேக்காரர் முதல் வீட்டில். மிச்சம் இருவர்: உக்ரைன்காரர், ஜப்பானியர். ஜப்பானியராக இருந்தால் பார்லிமென்ட், ஆகவே ஆரஞ்சுச் சாறு கிடையாது. தேநீர் இன்னொருவருக்கு. வீடு நீலம், காப்பி ஆகாது. பால் நடு வீட்டில், தண்ணீர் முதல் வீட்டில். அவர் குடிக்க ஒன்றுமே இல்லை! எனவே அங்கே உக்ரைன்காரர், தேநீரோடு. கூல், பார்லிமென்ட், லக்கி ஸ்ட்ரைக், நத்தையோடு வரும் ஓல்டு கோல்டு நான்கும் அவருக்குப் பொருந்தாததால் சிகரெட் செஸ்டர்ஃபீல்டு.

நிறத்தில் இரண்டே வழி மீதி: மூன்றாவதிலிருந்து தந்தம், பச்சை, சிவப்பு, அல்லது சிவப்பு, தந்தம், பச்சை. முதலாவதைப் பாருங்கள். பச்சை நான்காவது என்றால் காப்பி அங்கே, சாறும் லக்கி ஸ்ட்ரைக்கும் ஐந்தாவதில் ஆங்கிலேயருக்கு. ஜப்பானியருக்குப் பார்லிமென்ட் போக, ஸ்பானியர் தலையில் ஓல்டு கோல்டு விழுகிறது. கூடவே நத்தையும். அவரிடமோ நாய் இருக்கிறது. ஆக இரண்டாவதுதான். நடு வீட்டில் ஆங்கிலேயர், பாலோடு. பச்சை ஐந்தாவது, காப்பி அங்கே. எனவே சாறும் லக்கி ஸ்ட்ரைக்கும் நான்காவதில். அது ஜப்பானியர் வீடு ஆகாது, ஸ்பானியர் வீடு. ஜப்பானியர் ஐந்தாவது. ஓல்டு கோல்டும் நத்தையும் ஆங்கிலேயரிடம். அதனால் நரி முதல் வீட்டுக்குப் போகிறது, வரிக்குதிரை ஐந்தாவதில் நிற்கிறது.

நீங்கள் ஊகித்துக் கைவிட்டவை இதே இரண்டு கிளைகள்தான். ‘இங்கே இருவர்தான் இருக்க முடியும்’ என்று முதலில் கழித்து எழுதிவிட்டு ஒருவரை வைத்துப் பார்த்திருந்தால், முட்டிய கணமே மற்றவர் உறுதியாகியிருப்பார். எத்தனை கிளை என்று எண்ணாமல் ஒன்றில் ஏறுவதுதான் பிசகு. ஒவ்வொரு வரிசையும் 120 விதமாக அமையலாம். ஐந்து வரிசைக்கும் பெருக்கினால் மொத்தம் 2,488 கோடிக்கு மேல். எண்ணாமல் ஏறினால் இறங்க வழி தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு கிளை முட்டினால் அது பொய் என்று ஆகிவிடும். முட்டாமல் கடைசிவரை போனால் அது ஒரு விடை, அவ்வளவுதான். இன்னொன்று இல்லை என்று ஆகாது. வங்கித் தேர்வில் ‘நிச்சயமாக உண்மை எது’ என்று கேட்கும்போது பலர் மதிப்பெண் விடுவது இங்கேதான். முதலில் பொருந்திய அமைப்பை வைத்து விடை குறித்துவிடுகிறார்கள். அங்கே இரண்டு நிலை வந்தால் அழிக்காமல் இரண்டு படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். முட்டிய படத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் எந்தக் குறிப்பில் முட்டியது என்று அதன் எண். வட்ட மேசைக் கணக்கானால் படம் வரையுமுன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: மையத்தைப் பார்த்து உட்கார்ந்தவரின் வலப்பக்கம், மேலிருந்து பார்க்கும் நமக்குக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசை. வெளிப்புறம் பார்த்து உட்கார்ந்தால் கடிகாரத் திசை.