யானையோட ஒப்பிட டொல்பின் சரிவராது

அண்ணா, மகள்ட தரம் 8 ஒப்படைக்கு யானையையும் டொல்பினையும் எடுத்து, ஒற்றுமை ஒண்டும் அம்பிடல்ல எண்டு எழுதியிருந்தீங்க. டொல்பினை விடுங்க, அதுட சொந்தம் நீர்யானை. யானைக்குக் கடல்ல சொந்தம் ஆவுளியா, கடற்பசு எண்டும் சொல்றது. மன்னார்ப் பக்கக் கடல்ல இருக்கு.

ரெண்டும் புல்லுத் தின்னி. ஒண்டு வெல்லாவெளிப் பக்கம் வந்து நம்மட வயலையும் மேயும் (அந்தக் கதையை விடுங்க), மற்றது கடற்புல்லை வேரோட கிளப்பித் தின்னும். முக்கியமானது, ரெண்டுக்கும் முலைக்காம்பு முன்னங்கால் பக்கம், ஆவுளியாவுக்குத் துடுப்படியில. மாடு மாதிரிப் பின்னால இல்லை. இதைக் கட்டாயம் படமாக் கீறச் சொல்லுங்க. கொம்பும் ரெண்டுக்கும் வெட்டும்பல்தான். ஆனா இலங்கை யானையில கொம்பன் குறைவு. கர்ப்பகாலம் யானைக்கு 22 மாதமளவு, ஆவுளியாவுக்கு 13 முதல் 15.